வடுவுக்கு விசா இல்லை

இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் வளைகுடாவுக்குக் கிளம்பும் ஒருவரைத் தெருவில் பார்த்தால், "மெடிக்கல் முடிஞ்சுதா?" என்றுதான் கேட்பார்கள். ஏஜென்டிடம் கொடுத்த முன்பணம், அடகுக்கடைக்குப் போன நகை, வந்து காத்திருக்கும் விசா எல்லாமே அந்த ஒரு நாள் பரிசோதனையை நம்பி நிற்கின்றன. ரத்தம், சிறுநீர், எச்ஐவி, கல்லீரல் அழற்சிக் கிருமிகள் என்று பட்டியல் நீளம். அதில் ஆளை எதிர்பாராமல் கவிழ்ப்பது நெஞ்சு எக்ஸ்ரே. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. மூட்டை தூக்கிய உடம்பு. ஆனால் நுரையீரலின் மேற்பகுதியில் சுண்ணாம்பு படிந்த ஒரு புள்ளி படத்தில் தெரிகிறது. எந்த வயதிலோ உள்ளே போன காசநோய்க் கிருமியை உடம்பே மடக்கிப்போட்ட இடமாக அது இருக்கலாம். சீட்டில் 'அன்ஃபிட்' என்று வந்துவிடுகிறது.

சவூதி, அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகிய ஆறு நாடுகளுக்கும் பொதுவான ஏற்பாடு இது. முன்பு 'காம்கா' என்றார்கள், இப்போது 'வாஃபித்' என்கிறார்கள். வளைகுடா சுகாதார மன்றம் அங்கீகரித்த தனியார் மையங்களில்தான் பரிசோதனை. இப்போது பரவக்கூடிய நிலையில் காசநோய் இருந்தால் அனுப்ப மாட்டோம் என்பது யாருக்கும் புரியும். இந்த விதி அதற்கும் அப்பால் போகிறது. பழைய நோயின் அடையாளமும் தகுதியிழப்புக்குப் போதும்: சிறு வடு, சுண்ணாம்புப் புள்ளி, நுரையீரல் உறை தடித்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

வெளிநாடு போகிறவர்களையும் அங்கே வசிப்பவர்களையும் காசநோய்க்காகச் சோதிக்கும் வழக்கத்தை மொத்தமாகத் திட்டித் தீர்ப்பது எளிது. நான் அதைச் செய்யப்போவதில்லை. தேடுவது சரிதான், தேடாமல் இந்த நோயை ஒழிக்க முடியாது. என் கேள்வி, கண்டுபிடித்த மறுநாள் அந்த மனிதனுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது. மாத்திரை கொடுக்கிறார்களா, விமானச் சீட்டைக் கொடுக்கிறார்களா? ஒரே எக்ஸ்ரே படத்தை வைத்துக்கொண்டு ஒரு நாடு ஒருவனை நோயாளியாக நடத்துகிறது, இன்னொரு நாடு பழுதான சரக்காகத் திருப்பி அனுப்புகிறது. பரிசோதனையின் தரத்தை அங்கேதான் அளக்க வேண்டும்.

முதலில், சோதிக்கும் நாடுகளின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். அந்த நோயாளிகளில் 26 விழுக்காட்டினர் இந்தியாவில் இருப்பவர்கள். இங்கே அந்த ஆண்டில் லட்சம் பேருக்குச் சுமார் 195 பேர் நோயில் விழுந்தார்கள். இங்கிலாந்தில் அதே ஆண்டில் லட்சத்துக்கு எட்டு, ஒன்பது பேர்தான். அந்தச் சிறு எண்ணிக்கையிலும் ஐந்தில் நான்கு பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். ஒரு சுகாதார அதிகாரி இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, வருகிறவர்களைச் சோதிக்கலாம் என்று முடிவெடுத்தால் அதை இனவெறுப்பு என்று சொல்ல முடியாது. இந்தியாவில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயும் அதிகம். அதைக் குணமாக்கும் செலவும் உழைப்பும் சாதாரணக் காசநோயைப்போலப் பல மடங்கு. ஒரே அறையில் எட்டு, பத்துப் பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கும் தொழிலாளர் விடுதிக்குள் இருமும் ஒருவர் நுழைந்தால் முதலில் பாதிக்கப்படுவது அந்த நாட்டுக் குடிமகனல்ல, பக்கத்துக் கட்டிலில் படுக்கும் நம் ஊர்க்காரர்.

எக்ஸ்ரேயின் பயனையும் குறைத்துச் சொல்லக்கூடாது. 2019 முதல் 2021 வரை இந்தியாவில் தேசிய அளவில் காசநோய்க் கணக்கெடுப்பு நடந்தது. கண்டுபிடித்த நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர் எக்ஸ்ரே எடுத்ததால் மட்டுமே அகப்பட்டார்கள். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்று வாய்வார்த்தையாகக் கேட்டு மட்டும் விட்டிருந்தால் அவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அறிகுறி தோன்றும் முன்பே நோயைப் பிடிப்பது நோயாளிக்கே லாபம்; நுரையீரல் அரிக்கப்படும் முன் மருந்து தொடங்கிவிடலாம். விசாவுக்காக எடுத்த படம் உயிரைக் காப்பாற்றியவர்கள் நிச்சயம் இருப்பார்கள். இந்த வழக்கத்தின் மிகப் பெரிய பலம் இதுதான். பலவீனமும் இதே படத்திலிருந்துதான் தொடங்குகிறது.

எக்ஸ்ரே நிழலைக் காட்டும். அந்த நிழலுக்குள் கிருமி உயிரோடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. காசநோய்க் கிருமி உடம்புக்குள் போன பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதே இல்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அந்தத் தொற்று உண்டு என்பது மதிப்பீடு. மேலே சொன்ன கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது. இவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறும். மற்றவர்களிடம் கிருமி உறங்கிக் கிடக்கும், அல்லது அழிந்துபோகும். சிலருக்கு மட்டும் புள்ளியாகவோ கோடாகவோ ஒரு தடம் மிஞ்சும். முறையாக ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமானவருக்கும் வடு இருக்கும். நிமோனியா வந்துபோனவருக்கும் இருக்கலாம். வடு இருப்பவருக்கு மறுபடி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை. அதற்காக அவர் இன்றைக்கு யாருக்கும் நோயைப் பரப்புகிறவர் ஆகிவிட மாட்டார். வளைகுடா விதி இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. வாய்ப்பு கூடுதலாக இருக்கிறது என்பதற்காக நோயில்லாத ஒருவரின் பிழைப்பை வாழ்நாளுக்கும் அடைக்கிறது.

இதே படத்தோடு ஒருவர் பிரிட்டனுக்கு விண்ணப்பித்தால் என்ன நடக்கும்? ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள், காசநோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து கிளம்பும் முன்பே சோதனை செய்துகொள்ள வேண்டும்; சென்னையிலேயே அதற்கு அங்கீகரித்த மையங்கள் உண்டு. படத்தில் சந்தேகம் இருந்தால் சளியை மூன்று முறை எடுத்து, நுண்ணோக்கியில் பார்ப்பதோடு நிற்காமல் வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்புவார்கள். கிருமி வளரவில்லை என்றால் சான்றிதழ் கிடைக்கும், வடு இருந்தாலும். வளர்ந்தால் சிகிச்சை முடித்துவிட்டு மறுபடி வரலாம். ஆஸ்திரேலியாவின் முறையும் ஏறக்குறைய இதுதான்: சட்டப்படி காசநோயோடு யாரையும் அனுமதிக்க முடியாது, ஆனால் சிகிச்சை முடியும்வரை விண்ணப்பத்தை நிறுத்தி வைப்பார்கள், பழைய தடம் இருந்தால் வந்து சேர்ந்த பிறகு சுகாதாரத் துறையிடம் காட்டிக்கொள்வதாக எழுதி வாங்கிக்கொள்வார்கள். இந்த முறையிலும் வலி இல்லாமலில்லை. வளர்ப்புச் சோதனைக்கு எட்டு வாரம்வரை ஆகும். செப்டம்பரில் கல்லூரி திறக்கும் மாணவிக்கு அது ஒரு பருவத்தையே விழுங்கிவிடும். செலவும் விண்ணப்பிப்பவர் தலையில்தான். இருந்தும், இழப்பது எட்டு வாரம், எதிர்காலம் இல்லை. முன்பு பிரிட்டன் ஹீத்ரோ, காட்விக் விமான நிலையங்களில் வந்து இறங்கியவர்களைத் தூக்கக் கலக்கத்தோடு எக்ஸ்ரே முன் நிறுத்திக்கொண்டிருந்தது. அதில் பெரிதாக யாரும் அகப்படவில்லை. 2012இல் அந்த ஏற்பாட்டைக் கைவிடுவதாக அறிவித்து, கிளம்பும் ஊரிலேயே சோதிக்கும் முறைக்கு மாறியது. பலனைப் பார்த்து வழக்கத்தை மாற்றிக்கொண்ட நாடு என்று அதைச் சொல்லலாம்.

நோயே உறுதியானாலும் ஆளை நாட்டைவிட்டு அகற்ற வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் சென்னையில்தான் கிடைத்தது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்த முயற்சி. தலைமையேற்றவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளில் பாதிப்பேரை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மற்றவர்களை நெருக்கடியான சொந்த வீட்டிலேயே, கிடைத்த சாப்பாட்டோடு, மாத்திரை சாப்பிட வைத்தார்கள். 1959இல் வெளிவந்த முடிவு உலகையே திருப்பிப்போட்டது. குணமானவர்களின் விகிதம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைவிட முக்கியம், வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை. தொற்ற வேண்டியதெல்லாம் மருந்து தொடங்குவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. சரியான மருந்து தொடங்கியபின் பரவும் வேகம் சில வாரங்களில் விழுந்துவிடுகிறது. அதன் பிறகு உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டன. ஒரு குடிசையில் மனைவி மக்களோடு வைத்துக் குணமாக்க முடிந்த நோய்க்காக, எல்லா வசதியும் கொண்ட மருத்துவமனைகள் உள்ள ஒரு நாடு தன்னிடம் வேலை செய்யும் தச்சரை அடுத்த விமானத்தில் ஏற்றுவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. சிகிச்சைச் செலவை யார் ஏற்பது என்ற கணக்குதான் மிச்சம்.

வளைகுடாவின் இந்தச் சுவர் அசையாதது என்றும் நினைக்க வேண்டாம். அமீரகம் 2016இல் தன் விதியைத் தளர்த்தியது. விசா புதுப்பிக்கும்போது பழைய வடுவோ காசநோயோ தெரிந்தால் உடனே வெளியேற்றாமல், சிகிச்சையும் தொடர் கவனிப்பும் நிபந்தனையாக ஓராண்டு அனுமதி தருவது என்று முடிவெடுத்தது. அந்த நாட்டில் அதனால் காசநோய் பெருகிவிடவில்லை. ஆனால் இந்தச் சலுகை ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு. ஊரிலிருந்து முதல்முறை கிளம்புகிறவர் பழைய வாசலில்தான் நிற்கிறார்.

விலக்கிவிடுவதையே பதிலாக வைத்திருக்கும் பரிசோதனை, மனிதர்களுக்கு மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது. அன்ஃபிட் என்று வந்த பிறகு 'ஒரு மாதம் மாத்திரை போட்டால் எக்ஸ்ரே சுத்தமாகிவிடும்' என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கிறார்கள். மாத்திரையால் வடு மறையாது. உண்மையிலேயே உள்ளே நோய் இருந்தால், ஒரு மாத அரைகுறை மருந்து கிருமியை மருந்துக்கு அடங்காததாக மாற்றிவிடக்கூடும். வேலைக்குப் போன இடத்திலும் இதே கதைதான். மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளர்களை 1997 முதல் 'ஃபொமேமா' ஏற்பாட்டின் கீழ் சோதிக்கிறார்கள். காசநோய் கண்டால் அனுமதி போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இது தெரிந்த தொழிலாளி மூன்று வாரமாக இருமினாலும் மருத்துவரிடம் போக மாட்டார். மருந்துக்கடையில் இருமல் சிரப் வாங்கிக் குடித்துவிட்டு, பதினாறு பேர் படுக்கும் அறைக்குத் திரும்புவார். நோயை வெளியே நிறுத்துவதற்காகப் போட்ட விதி, நோயை உள்ளேயே பதுங்க வைக்கிறது.

நம் பக்கத்து ஓட்டையையும் சொல்ல வேண்டும். காசநோயாளி எவரையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இந்தியாவில் 2012 முதல் தனியார் மருத்துவர்களுக்கும் ஆய்வகங்களுக்கும் கட்டாயம். 2018இல் தெரிவிக்காமல் விடுவதைத் தண்டனைக்குரியதாகவும் ஆக்கினார்கள். வளைகுடாவுக்கான மையங்களும் நம் மண்ணில் இயங்கும் மையங்கள்தான். ஆனால் அவை எழுதுவது 'அன்ஃபிட்' என்ற முடிவை மட்டும். சளி எடுத்துப் பார்க்காததால் அது நோய் என்று உறுதியாவதில்லை. உறுதியாகாததால் அரசுக்குத் தெரிவிக்கும் கடமையும் இல்லை. விசாவுக்கு அவர் காசநோயாளி, அரசின் பதிவேட்டுக்கு அவர் காசநோயாளி இல்லை. அவருக்கு உண்மையில் நோய் இருக்கிறதா இல்லையா என்பதை யாருமே பார்க்காமல் பேருந்து ஏறி ஊருக்கு வந்துவிடுகிறார். நோய் இருந்தால் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆபத்து. இல்லாவிட்டால் 'டிபி வந்தவன்' என்ற பேரோடு கல்யாணப் பேச்சும் நின்றுபோகும்.

அடுத்த குறை, இது ஒரு நாள் படம் என்பது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குப் போகும் முன் சோதிக்கப்பட்ட 5,19,955 பேரைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் லான்செட் இதழில் வந்தது. இருவிதமாகவும் பாடம் சொல்லும் ஆய்வு அது. சோதனையில் தேறி வந்தவர்கள் அந்நாட்டில் மற்றவர்களுக்கு நோயைப் பரப்பியது மிக அற்பம். ஆக, 'குடியேறிகள் நோயைக் கொண்டுவருகிறார்கள்' என்ற கூச்சலுக்கு அடிப்படை இல்லை. அதேசமயம், அவர்களுக்கே நோய் வரும் விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 147 என்ற அளவில் இருந்தது. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாத நாளில் விமானம் ஏறியவரின் உடம்பில் உறங்கிய கிருமி, அங்கே போன பிறகு விழித்திருக்கிறது. வளைகுடாவின் தொழிலாளர் முகாமை இதோடு சேர்த்து யோசியுங்கள். கல் அறுக்கும் இடத்துச் சிலிகாத் தூசி நுரையீரலில் படிந்தால் காசநோய் வாய்ப்பு பல மடங்கு கூடும். சர்க்கரை நோய் இருந்தால் இரண்டு, மூன்று மடங்கு. சர்க்கரை நம்மவர்களிடம் எவ்வளவு சாதாரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றோட்டமில்லாத அறை, நேரங்கெட்ட சாப்பாடு, கூடுதல் நேர வேலை எல்லாம் சேர்ந்து, சுத்தமான எக்ஸ்ரேயோடு போனவரை அந்த ஊரே நோயாளியாக்குகிறது. இரண்டு ஆண்டு கழித்து இகாமா என்ற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது படத்தில் நிழல் தெரிந்தால், நோயை அவர் ஊரிலிருந்து கொண்டுவந்தார் என்றே எழுதிக்கொள்வார்கள்.

யாரைச் சோதிக்கிறார்கள் என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கா குடியேற்ற விசா கேட்பவர்களை மிகக் கறாராகச் சோதிக்கும். சளி வளர்ப்புச் சோதனைவரை போகும். ஆனால் எச்-1பி விசாவில் போகும் மென்பொருள்காரருக்கோ மாணவர் விசாவில் போகிறவருக்கோ விசாவுக்கென்று அப்படி எந்தச் சோதனையும் இல்லை. மாணவர்களைப் பல பல்கலைக்கழகங்கள் தாமாகச் சோதிக்கின்றன. வேலைக்குப் போகிறவர் நேராக அலுவலகத்துக்குப் போய் உட்காரலாம். பத்து ஆண்டுகள் அதே அலுவலகத்துக் காற்றைச் சுவாசித்துவிட்டு கிரீன் கார்டு முறை வரும்போது, அப்போதுதான் வந்து இறங்கியவரைப்போல அவரைக் காசநோய் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கிருமிக்கு விசா வகை தெரியாது. தொற்று தெரிந்தாலும் கிரீன் கார்டு நின்றுவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உறங்கும் தொற்று விலக்குக்கான காரணமே இல்லை. இந்த ஒரு தகவல் தெரியாமல் கவலையில் தூக்கம் கெட்டவர்கள் பலர்.

உண்மையில் வெளிநாட்டில் வசிக்கும் தமிழர்களை அதிகம் குழப்புவது இந்த உறங்கும் தொற்றுதான். அறைத் தோழருக்கோ உடன் வேலை பார்ப்பவருக்கோ காசநோய் என்று தெரிந்ததும் சுகாதாரத் துறையிலிருந்து கடிதம் வரும். முன்கையில் மான்டூ ஊசி போடுவார்கள். இரண்டு மூன்று நாளில் அந்த இடம் தடித்துவிட்டால் தொற்று என்பார்கள். ஊருக்குப் போன் போட்டால், "அதெல்லாம் சின்ன வயசுல போட்ட பிசிஜி ஊசியாலதான், மாத்திரை எதுவும் சாப்பிடாதே" என்று பதில் வரும். இந்தப் பதிலில் பாதிதான் உண்மை. பிசிஜி போட்டவருக்கு மான்டூ தடிக்கலாம். ஆனால் பிறந்தவுடன் போட்ட ஊசியின் விளைவு பத்து ஆண்டுக்குமேல் அந்தச் சோதனையில் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. இருபத்தைந்து வயது இளைஞருக்கு நன்றாகத் தடித்தால் பழியைப் பிசிஜி மேல் போடுவது பெரும்பாலும் தவறு. சந்தேகம் தீர 'இக்ரா' வகை ரத்தப் பரிசோதனை இருக்கிறது. குவாண்டிஃபெரான் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிசிஜி அதைக் குழப்பாது. மான்டூவோடு நிறுத்தாமல் அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

இதன் மறுபக்கத்து நம்பிக்கை இன்னும் ஆபத்தானது: "எனக்கு பிசிஜி தழும்பு இருக்கு, டிபி வராது." இதைப் பொய்யாக்கியதும் நம் ஊர்தான். 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி தடுப்பூசியை லட்சக்கணக்கானவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். உலகின் மிகப் பெரிய பிசிஜி ஆய்வு அது. 1979இல் வந்த முதல் அறிக்கை, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்றது. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வடிவக் காசநோயிலிருந்து காக்க அது இன்றும் தேவை. நாற்பது வயதுக்காரரின் தோளில் இருக்கும் தழும்பு அவருக்குக் காவல் அல்ல.

மான்டூவும் இக்ராவும் சேர்ந்தாலும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காது: கிருமி உறங்குகிறதா, விழித்திருக்கிறதா? அதற்கு எக்ஸ்ரேயும் அறிகுறியும் சளியும் வேண்டும். தொற்றிய மறுநாள் சோதித்தாலும் பயனில்லை. உடம்பு காட்டிக்கொடுக்க எட்டு வாரம்வரை ஆகும். ஊருக்கு விடுமுறையில் வந்து நோயாளியான சித்தப்பாவோடு ஒரே வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர், அடுத்த வாரமே சோதித்து 'நெகட்டிவ்' வாங்கி நிம்மதியடைவதில் அர்த்தம் இல்லை. தடுப்பு மருந்து சாப்பிட வேண்டுமா என்பதில் என் கருத்து இது: அண்மையில் நோயாளியோடு நெருங்கிப் பழகி, அதன்பின் சோதனை பாசிட்டிவ் ஆனவர் சாப்பிடுவது நல்லது, ஏனென்றால் நோயாக மாறும் வாய்ப்பு முதல் இரண்டு ஆண்டில்தான் அதிகம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உள்ளவர்களும் தள்ளிப்போடக்கூடாது. எந்த ஆபத்துக் காரணியும் இல்லாமல் எப்போதோ தொற்றிய ஐம்பது வயதுக்காரர், மருந்து கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடும் என்பதையும் எடைபோட்டு மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம். முன்பு ஒன்பது மாதம் தினமும் மாத்திரை என்று பயமுறுத்துவார்கள். இப்போது வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரத்தில் முடியும் மருந்தும் உண்டு. இங்கிலாந்தில், காசநோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து அண்மையில் வந்த 16 முதல் 35 வயதினருக்கு இந்த ரத்தப் பரிசோதனையை 2015 முதல் இலவசமாகச் செய்துவருகிறார்கள். காசநோய்ச் சிகிச்சைக்கும் அங்கே கட்டணம் இல்லை, விசா நிலை எதுவானாலும். நான் மேலே சொன்ன அளவுகோலில் இதுதான் மேலே நிற்கிறது: சோதிக்கிறார்கள், கண்டால் மருந்து தருகிறார்கள், ஆளை அனுப்புவதில்லை.

எக்ஸ்ரேக்கு அகப்படாத காசநோயும் உண்டு. தெற்காசியர்களுக்குக் கழுத்து நிணநீர்க் கட்டியாகவும் முதுகெலும்பிலும் வருவது அதிகம். இது மற்றவர்களுக்குப் பரவாது. ஆனால் காசநோயை அதிகம் பார்க்காத வெளிநாட்டு மருத்துவர், கட்டியைப் பார்த்து வேறு பத்து நோயை நினைத்துவிட்டுக் கடைசியில்தான் இதற்கு வருவார். இதற்கு நேர்மாறான தவறுக்குப் புகழ்பெற்ற உதாரணம் கணித மேதை ராமானுஜன். 1917இல் கேம்பிரிட்ஜில் நோய்வாய்ப்பட்ட அவரைக் காசநோயாளி என்று சானடோரியம் சானடோரியமாக அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று, பிற்பாடு 1928இல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கிய டாக்டர் சவுரி முத்து நடத்தியது. திறந்த காற்றே மருந்து என்ற அன்றைய முறையில், குளிர் தாங்காத கும்பகோணத்துக்காரர் நடுங்கிக் கிடந்தார். 1994இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அவருக்கு இருந்தது கல்லீரல் அமீபா நோயாக இருக்கலாம் என்று வாதிட்டார். அன்றே தெரிந்திருந்தால் குணப்படுத்தக்கூடிய நோய். உறுதியாகச் சொல்ல இனி வழியில்லை. ஆனால் 'இந்தியன், நெஞ்சு பலவீனம், ஆகவே காசநோய்' என்ற அவசரம், ஒரு புள்ளியைப் பார்த்ததும் அன்ஃபிட் எழுதும் அவசரத்துக்கு மூத்த உறவு.

கேட்க வேண்டியது பெரிய விஷயமில்லை. படத்தில் நிழல் தெரிந்தால் சளியின் மூலக்கூறுச் சோதனை செய்யாமல் முடிவை எழுதக்கூடாது. சந்தேகத்துக்குரியவரின் பெயர் அவரது ஒப்புதலோடு மாவட்டக் காசநோய் மையத்துக்குப் போக வேண்டும். குணமானதற்கான சான்று உள்ளவரை நோயில்லாதவராக ஏற்க வேண்டும். இந்திய அரசு வளைகுடா நாடுகளோடு தொழிலாளர் ஒப்பந்தம் பேசும் ஒவ்வொரு முறையும் இது மேசையில் இருக்க வேண்டும். அதற்காகக் காத்திருக்காமல் தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நலத் துறையும் சுகாதாரத் துறையும், அன்ஃபிட் சீட்டோடு வருகிறவரை இலவசமாகச் சோதிக்கும் ஏற்பாட்டை நாளையே தொடங்கலாம். அதற்கு எந்த வெளிநாட்டின் சம்மதமும் வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது அந்தச் சீட்டோடு வந்தால், ஏஜென்ட் சொல்லும் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். பழைய எக்ஸ்ரே படங்களையும் சிகிச்சைச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு மாவட்ட அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவுக்குப் போய்ச் சளிப் பரிசோதனை கேளுங்கள். பரிசோதனைக்கும் மருந்துக்கும் அங்கே பணம் கிடையாது.